பாலாவி: மாதோட்டத்தின் பொது நீராடுதுறை

நீராடுதற்கெனப் பொதுவிடம் அமைத்தல் நாகரிக வாழ்வின் பழைய அடையாளங்களுள் ஒன்றாகும். மொகெஞ்சதாரோவின் செங்கற் குளம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் உடையது. இங்கிலாந்தில், பொதுப்பணத்திற் குளிப்பகங்கள் அமைக்க 1846ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. மன்னார்க் கரையிலோ அப்பணியைத் தொன்றுதொட்டு ஆற்றியது கோயிற் குளமே. திருக்கேதீச்சரத்துப் பாலாவி அதற்குச் சான்று.

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில் அமைந்தது மாதோட்டம். கடல் வணிகத்தாற் புகழ்பெற்ற இத்துறையிலுள்ள தலத்தைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடினர். சுந்தரர் இறைவனைப் பாலாவிக் கரையில் வைத்தே போற்றுகின்றார். கோயிலுக்குக் குளம் அணியன்று. குளக்கரையே கோயிலின் முகவரி என்பது இதனாற் பெறப்படும்.

மன்னார் வறண்ட நிலம். ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் வடகீழ்ப் பருவமழையே குளங்களை நிரப்புவது. அம்மழைக்குப் பின், கோடை முதிருமுன், மாசியிற் சிவராத்திரி வருகின்றது. அன்று அடியார்கள் பாலாவியில் நீராடி, அந்நீரையே குடங்களிற் சுமந்து சென்று, மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே அபிடேகஞ் செய்வர். குருக்கள் கைக்கே உரிய தொண்டு அன்று நீராடிய யாவர்க்கும் உரியதாகின்றது. பொதுக்குளம் என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த பொருள் உண்டோ?

1560இற் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். அவர் காலத்திற் கோயில் அழிந்தது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழிச் செய்தி. ஆயினும் தேவாரமும் பாலாவி என்னும் பெயரும் தலத்தின் நினைவைக் காத்தன. 1872இல் ஆறுமுக நாவலர் அதன் மீட்சியை வலியுறுத்தினார். 1893இல் நிலம் ஏலத்தில் வாங்கப்பட்டது. பின்னர் சேர் கந்தையா வைத்தியநாதன் முதலியோர் திருப்பணியை வளர்த்தனர். 1976இற் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. 1990இல் மூண்ட போர் மக்களைப் பெயர்த்தது. நீராடற் கூட்டமும் பல்லாண்டு கலைந்தது. 2022இற் கருங்கற் றிருப்பணி நிறைவுற்றுக் குடமுழுக்குக் கண்டது.

கல்லை ஒருமுறை அடுக்கினாற் போதும். நீரை ஆண்டுதோறும் காத்தல் வேண்டும். வரத்து வாய்க்கால் அடைபடாமலும், துறையிற் குப்பை சேராமலும் பேணுவது நீராடுவோர் யாவர்க்கும் உரிய கடன். கோயிலை மீட்டெடுத்த தலைமுறையினர்க்குப் பின்வந்தோர் செய்யத்தக்க திருப்பணி அதுவே.