மண்ணெண்ணெய்க் காரும் சித்தப்பாவின் காதும்

கடந்த பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை, லண்டன் ஹரோவில் என் வீட்டு வாசலில் நின்ற 1967ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் இடறத் தொடங்கியது. மாரி முழுவதும் போர்வைக்குள் கிடந்த கார் அது. எஞ்சின் பற்றிக்கொண்டதுதான்; ஆனால் நின்ற இடத்தில் ஓடும்போது உடம்பெல்லாம் நடுங்கியது, சைலன்சரால் கரும்புகை வந்தது. நான் பெற்றோலைச் சந்தேகித்தேன். 2021 புரட்டாதியிலிருந்து இங்கே சாதாரண பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலந்திருக்கிறது. பழைய றப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. குழாய்களை மாற்றி, புதுக் காபரேட்டரும் வாங்குவதற்கு மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

சித்தப்பா ஒரு கதிரையைக் கொண்டுவந்து பொனற்றுக்குப் பக்கத்தில் போட்டார். "ஒண்டையும் கழட்டாதை. முதல் அது என்ன சொல்லுது எண்டு கேள்."

அவருக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. இரண்டு காதிலும் கருவி. அவற்றைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, நீளமான திருப்புளி ஒன்றின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்தினார். கொக்குவிலில் எங்கள் முற்றத்தில் அவர் கராஜ் வைத்திருந்தபோதும் இப்படித்தான் குனிந்து நிற்பார். அப்போது எனக்குப் பத்துப் பதினொரு வயது.

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டது. வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் பற்றரியும் போவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்படுத்திய அளவில் வந்தது. வீடுகளில் நின்ற புதிய ஜப்பான் கார்கள் ஒவ்வொன்றாகப் படங்கு மூடிக்கொண்டன. ஐம்பதுகளின் ஒஸ்ரின் ஏ-40களும் மொரிஸ் மைனர்களும் வெளியே வந்தன. புலம்பெயர்ந்த கொண்டாட்டங்களில் இந்தக் கதையை நாங்கள் சொல்லும் விதம் எல்லோருக்கும் தெரியும்: "மண்ணெண்ணெயில கார் ஓட்டின சனம் நாங்கள்." சொல்லிவிட்டுச் சிரிப்போம். ஏன் அந்தக் கார்கள் மட்டும் ஓடின என்று யாரும் கேட்பதில்லை.

காரணம் எளியது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் குளிர்ந்த எஞ்சின் பற்றாது. ஆவியானாலும், அதிகம் அமுக்கினால் நேரத்துக்கு முன் வெடித்து 'டக் டக்' என்று தட்டும். ஏ-40 சோமர்செற்றின் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேல்தான். பிந்திய கார்களில் அது ஒன்பதையும் தாண்டியது. தரம் குறைந்த பெற்றோலுக்காகச் செய்த எஞ்சின் என்பதால்தான் அது மண்ணெண்ணெயையும் பொறுத்துக்கொண்டது. ஒரு சிறிய பிளாஸ்ரிக் சூப்பியிலிருந்து காபரேட்டருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். தட்டினால் டிஸ்ரிபியூட்டரை ஒரு நூலளவு திருப்பி, பொறியைப் பிந்தச் செய்வார்கள்.

இது யாழ்ப்பாணத்து மாயவித்தை அல்ல. இங்கிலாந்தின் வயல்களில் போட்சன், பேர்கசன் உழவு இயந்திரங்கள் பல பத்தாண்டுகள் இப்படித்தான் ஓடின: சின்னத் தொட்டியில் பெற்றோல், பெரிய தொட்டியில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பெற்றோல் தட்டுப்பட்டபோது, மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுத்து வாகனம் ஓட்டும் கலன்களைச் செய்தது. பிரித்தானியாவில் 1939இல் தொடங்கிய பெற்றோல் பங்கீடு 1950 வைகாசி வரை நீடித்தது. தட்டுப்பாடு வந்த இடமெல்லாம் இந்த அறிவும் வந்திருக்கிறது. மற்ற இடங்களில் அதைக் கைநூலாக அச்சிட்டார்கள். எங்களிடம் அது சித்தப்பா போன்றவர்களின் கையில் மட்டும் இருக்கிறது.

"ஒரு சிலிண்டரோ, நாலுமோ? அதைத்தான் முதல் அறிய வேணும்," என்றார். பிடியில் றப்பர் போட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். கழற்றும்போது ஓட்டம் இன்னும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். நான்கிலும் ஒரே அளவாகத் தளர்ந்தது. அப்படியானால் குற்றம் நான்குக்கும் பொதுவான இடத்தில். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்குகளைக் கழற்றினோம். மண்ணிறமாக இருக்க வேண்டியவை நான்கும் அடுப்புக்கரி பூசியதுபோல் உலர்ந்த கறுப்பு. பெற்றோல் கூடிவிட்டது.

பிளக்குகளைத் துடைத்துப் பூட்டி, மறுபடி எஞ்சினைப் போட்டு, அடுத்ததாகக் காபரேட்டரைப் பார்த்தோம். எஸ்.யு. என்ற இந்தக் காபரேட்டரின் பிறப்பிடம் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. சப்பாத்து வியாபாரம் செய்த ஸ்கின்னர் குடும்பத்துச் சகோதரர்கள் 1910இல் கம்பெனியைப் பதிந்து, வட லண்டன் கென்ரிஷ் டவுனில் அதைச் செய்தார்கள். முதற் காபரேட்டர்களில் தோலால் செய்த துருத்தி இருந்தது; சப்பாத்துக்காரருக்குத் தோல் கைவந்த பொருள். 1926இல் வில்லியம் மொரிஸ் கம்பெனியை வாங்கினார். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸும் பெயர்ந்து வந்தவர்தான். 1922இல் ஸ்மேர்னா நகரம் எரிந்தபோது அவரது குடும்பம் பிரித்தானியக் கப்பலில் மோல்ராவுக்கு ஏற்றப்பட்டது. தகப்பன் இறந்துபோக, பதின்ம வயதில் தாயுடன் இங்கிலாந்துக்கு வந்து, லண்டன் பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். 1948இல் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அவரது மைனர் அறிமுகமானது. அகதியாக வந்த ஒருவர் வரைந்த கார் முற்றுகைக்குள் எங்களைச் சுமந்தது என்பது, எனக்கு லண்டனுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

காபரேட்டரின் பக்கத்திலுள்ள சின்ன ஊசியைச் சித்தப்பா மெல்ல மேலே தள்ளினார். உள்ளே பிஸ்ரன் ஒரு மில்லிமீற்றர் உயரும். ஓட்டம் ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. எஞ்சின் நின்றுபோனால் பெற்றோல் குறைவு. கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். கூடி நின்றது. "சோக்கைப் பார்," என்றார். உள்ளே குமிழ் முழுவதும் தள்ளித்தான் இருந்தது. ஆனால் காபரேட்டருக்குக் கீழே கையை விட்டால், சோக்கை இழுக்கும்போது கீழிறங்கும் ஜெற், திரும்பி மேலே ஏறாமல் நடுவில் இறுகிக் கிடந்தது. விரலால் தள்ளினேன். 'கிளிக்'. நடுக்கம் நின்றது. பிறகு அதைத் துடைத்து, ஒரு சொட்டு ஒயில் விட்டோம். செலவு எதுவுமில்லை.

"அங்கை பெற்றோல் இல்லாமல் செத்தம். இங்கை கூடி மூச்சடைக்குது," என்றார் சித்தப்பா.

தேத்தண்ணீர் குடிக்கும்போது மகள் கேட்டாள்: "மண்ணெண்ணெயில ஓடினால் எஞ்சினுக்கு ஒண்டும் ஆகாதா, தாத்தா?" அவளுடைய காரில் இடறல் வந்தால் ஒரு சிறு கருவியைச் செருகிப் பார்ப்பாள், பி0302 என்று வரும், இரண்டாம் சிலிண்டர் என்று அர்த்தம். பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்டவை. அந்தக் கருவி கேட்பதும் சித்தப்பா கேட்ட அதே கேள்வியைத்தான்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். அளவுக்கம்பியில் ஒயில் கூடியதாகக் காட்டும். பார்த்துச் சந்தோசப்பட்டவர்கள் உண்டு. தண்ணியாய்ப்போன ஒயில் பெயரிங்கைத் தின்றுவிடும். ஒரு இரவு பிள்ளைப்பேற்றுக்காக ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போன ஏ-40, அவர் திருத்திக் கொடுத்த கார், தட்டாதெருச் சந்திக்கு முன் இறுகி நின்றது. மிச்ச வழியைச் சைக்கிளில் போனார்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். "ஒயிலை மாத்தச் சொல்லியிருக்க வேணும். மாத்த ஒயில் எங்கை? அதாலை சொல்லேல்லை."

முப்பது வருடத்துக்கு மேலாக நான் கேட்டிராத கதை இது. எங்கள் பெருமைக் கதையில் இந்த இரவு இல்லை. ஒயில் கூடிக் காட்டும் அளவுக்கம்பியும் இல்லை. அவரிடம் இன்னும் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார். காரைப் பற்றிக் கேளுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

அடுத்த சனிக்கிழமை பொயின்ற் இடைவெளி பார்க்க வேண்டும். பதினைந்து தவ் என்கிறார். மகள் ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறாள்.