துளையும் முடிச்சும்

ஊசிகளால் குத்தப்பட்ட துணியைக் கொண்டு நினைவை விளக்க முயன்றவர் தெக்கார்த். 1630களில் எழுதப்பட்டு, அவர் மறைவுக்குப்பின் 1662இல் இலத்தீனிலும் 1664இல் பிரெஞ்சிலும் வெளிவந்த 'மனிதன்' என்ற நூலில் இந்த உவமை வருகிறது. ஊசியை எடுத்தபின்னும் துளை திறந்திருக்கும். மூடிக்கொண்டாலும் தடம் எஞ்சும், அடுத்தமுறை எளிதில் திறக்கும். சில துளைகள் திறந்தால் அவற்றோடு குத்தப்பட்ட பிறவும் திறக்கும். இரு கண்களைக் கண்டதும் நெற்றியும் வாயும் மனத்தில் எழுவது இவ்வாறே என்றார்.

ஆரணியிலும் தேவிகாபுரம் போன்ற சுற்றூர்களிலும் பட்டுத்தறிகளின்மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளை அறிந்தவர்க்கு இவ்வுவமை அந்நியமன்று. அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி புகும், கொக்கி உயரும், அதற்குரிய பாவிழைகள் மேலெழும். துளையில்லையேல் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். சேலைக் கரையின் அன்னமும் மயிலும் இப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தெக்கார்த்தின் துணியில் ஊசியே துளையிடுகிறது. தறியிலோ வேறொரு கை முன்பே இட்ட துளைக்குள் ஊசி நுழைகிறது. அட்டை அன்னத்தை மீண்டும் தரும். 'இதை முன்பு கண்டேன்' என்று அறியாது. மூளையில் தடம் இருப்பதாகவே கொண்டாலும் அது நினைவை விளக்கிவிடாது என்று 1785இல் தாமஸ் ரீட் வாதிட்டதன் சாரம் இதுவே என்போம்.

ஜான் லாக் 1690இல் நினைவைக் கருத்துகளின் களஞ்சியம் என்றார். 1694ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில், களஞ்சியம் என்பது முன்பு கண்டதை மீண்டும் எழுப்பும் ஆற்றலேயன்றி வேறில்லை என்று திருத்தமும் சேர்த்தார். அதே பதிப்பில்தான் வம்பு தொடங்கியது: கடந்ததைத் தன் செயலாக உணர்வது எதுவரை நீளுமோ, அதுவரையே ஒருவர் அதே ஆள் என்றார். அப்படியாயின், தம் இளமைச் சேலைகளை முற்றும் மறந்த முதிய நெசவாளியை, அவற்றை நெய்தவர் அல்லர் என்றல்லவா சொல்ல நேரும்?

ரீட் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பழம் திருடி அடிவாங்கிய சிறுவன், எதிரியின் கொடியைக் கைப்பற்றிய இளம் அதிகாரி, முதிர்ந்த தளபதி மூவரும் ஒருவரே. அதிகாரிக்குச் சிறுவன்பட்ட அடி நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக்கின் கணக்கில் தளபதி அச்சிறுவனாகவும் வேண்டும், அல்லாதவனாகவும் வேண்டும்.

இச்சிக்கலைப் பாவு பிணைப்பவர்கள் அன்றாடம் கையாள்கிறார்கள். பாவு தீர்ந்ததும் விழுதிலும் பண்ணையிலும் பழைய இழைகளின் நுனிகளை விட்டுவைத்து, புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கி இணைப்பார்கள். மூன்றாம் பாவு முதற்பாவைத் தொட்டதே இல்லை. இழைகள் கோத்த வரிசையோ மாறவில்லை. முடிச்சுகள் பண்ணையைக் கடந்து முன்னே வந்தபின்னரே அடுத்த சேலை தொடங்கும். உடுத்துபவர் அவற்றைக் காண்பதில்லை.