சேர்ந்து பாடுவோரின் ஓராண்டு

பெரும் பாடகர்களின் வரலாற்றை எழுதுவோர் பலர். மேடையேறாது, ஊதியம் பெறாது, பகலெல்லாம் பிழைப்புக்காக உழைத்துவிட்டு, மாலையில் ஓரிடத்தில் கூடி ஒரே குரலாய்ப் பாடிச் செல்லும் சாமானியரின் வரலாற்றை எழுதுவோர் மிகச் சிலரே. அவர்தம் பெயர்கள் கல்வெட்டில் இல்லை, இசைத்தட்டிலும் இல்லை. ஆயினும் ஒரு சமுதாயத்தின் பாட்டு அழியாது நிற்பது இவர்களாலேயே என்பது மிகையன்று. கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரியை அடுத்த லேக் கார்டன்ஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழராகிய நமக்கு அத்தகைய கூட்டம் ஒன்று புதியதன்று. அதுவே பஜனை கோஷ்டி. அதன் ஓராண்டு வாழ்க்கை எத்தகையது, அதன் வேர் எங்குள்ளது, அதன் வருங்காலம் யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். நம்மை நாமே அளந்தறிய ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? அதற்காக முதலில் கடல் கடந்து வேல்ஸ் நாட்டுக்குச் செல்வோம்.

சுரங்கத் தொழிலாளரின் குரல்

பிரிட்டனின் மேற்கே அமைந்த சிறு மலைநாடு வேல்ஸ். 19-ஆம் நூற்றாண்டில் அதன் தென்பகுதிப் பள்ளத்தாக்குகளில் நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. வேலை தேடி வந்த ஆடவர், பகலில் பூமிக்கடியில் உழைத்து, மாலையில் சிற்றாலயங்களில் கூடிப் பாடினர். பண்ணெழுத்து அறியாத இத்தொழிலாளருக்குக் கைகொடுத்தது, ஜான் கர்வென் என்னும் ஆங்கிலேயர் பரப்பிய எளிய ஸ்வர முறை. நம் ச, ரி, க, ம போன்று ஸ்வரங்களின் முதலெழுத்துக்களைக் கொண்டே எழுதப்படும் அம்முறையால், கற்றவரும் கல்லாதவரும் நான்கு பிரிவுக் குரல்களில் இசைந்து பாடக் கற்றனர். உயர்ந்த குரல்கள் இரண்டு, இடைக்குரல் ஒன்று, கீழ்க்குரல் ஒன்று என இவை நான்காகும். 1883-ஆம் ஆண்டில் தோன்றிய ட்ரியோர்க்கி ஆடவர் பாடற்குழு, 1895-ஆம் ஆண்டு விண்ட்சர் கோட்டையில் விக்டோரியா மகாராணியின் முன் பாடும் பேறு பெற்றது.

இத்தகைய குழுக்களுக்கு ஓர் ஆண்டு முறை உண்டு. வாரந்தோறும் குறித்த மாலைகளில் பயிற்சி நடைபெறும். மார்ச் 1-ஆம் நாள் அந்நாட்டின் காவற்புனிதர் டேவிட் திருநாள். ஆகஸ்டு முதல் வாரத்தில் ஐஸ்டெட்ஃபோட் என்னும் தேசியக் கலைவிழா. டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீதங்கள். இடையே திருமணங்களும் இறுதிச் சடங்குகளும் வரும்.

இவற்றினும் நாம் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1984–85-ஆம் ஆண்டுகளின் பெரும் வேலைநிறுத்தத்திற்குப்பின் அச்சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தென் வேல்ஸின் கடைசி ஆழ்சுரங்கமான டவர் சுரங்கமும் 2008-இல் மூடப்பட்டது. பாடியவரை ஒன்று சேர்த்த தொழில் மறைந்தது. ஆனால் பாட்டு மறையவில்லை. ட்ரியோர்க்கிக் குழு இன்றும் பாடுகின்றது. எவ்வாறு இது கூடிற்று என்னும் வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு நம் காவிரிக் கரைக்கு வருவோம்.

காவிரிக் கரையில்

கும்பகோணத்தைச் சூழ்ந்த சிற்றூர்கள் மூன்று பஜனை மரபின் பிறப்பிடங்களாகப் போற்றப்படுகின்றன. கோவிந்தபுரத்தில் போதேந்திரர், திருவிசநல்லூரில் ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூரில் சத்குரு சுவாமிகள் ஆகிய மூவரே இம்மரபின் மும்மூர்த்திகள் ஆவர். நாம சங்கீர்த்தனத்தின் பெருமையை முன்னவர் இருவர் பரப்ப, எதனை முதலிற் பாடுவது, எதனைப் பின்னர்ப் பாடுவது என்னும் ஒழுங்கை வகுத்தவர் சத்குரு சுவாமிகள். தோடய மங்களத்தில் தொடங்கி, குரு வணக்கம், ஜயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம் எனச் சென்று, குத்துவிளக்கைச் சுற்றி வந்து பாடும் திவ்யநாமத்தில் உச்சம் எய்தி, மங்களத்தில் நிறைவுறுவது அவ்வொழுங்கு.

அக்காலத்தில் தஞ்சையை ஆண்டவர் மராட்டிய மன்னர். ஆதலின் மராட்டிய அபங்கமும் இக்கூட்டத்திற் புகுந்தது. வடமொழி, தெலுங்கு, தமிழ், கன்னடம், மராட்டி, இந்தி எனப் பல மொழிகளும் ஒரே மாலையில் ஒரே நாவில் ஒலிக்கும் விந்தையை பஜனையிலன்றி வேறெங்கும் காண்டல் அரிது.

வேல்ஸ் நாட்டார் நான்கு குரலாகப் பிரிந்து ஓர் இசையை எழுப்புவர். நாமோ ஒரு குரலாக இணைந்தே பாடுவோம். பாகவதர் ஓர் அடி சொல்ல, ஏனையோர் அதனைத் திருப்பிச் சொல்வர். ஒரு மிருதங்கமும் ஆர்மோனியமும் சில ஜால்ராக்களும் போதும். குரல் வளம் இல்லாதவனும், முன்பின் பயிலாதவனும், இரண்டாம் முறை திருப்பிச் சொல்லும்போது பாடகனாகி விடுகிறான். இவ்வெளிமையே இதன் வலிமை.

இம்மரபு ஒரு சாராருக்கே உரியது என எண்ணுதலும் பொருந்தாது. வடதமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் "பஜனை கோயில் தெரு" என்னும் பெயரை இன்றும் காணலாம். உழவரும் நெசவாளரும் வாழும் தெருக்களிலும் மார்கழி வைகறையில் தாளத்தோடு பாடிச் செல்லும் கூட்டம் இருந்ததற்கு அப்பெயரே சான்றாகும்.

வங்கம் தந்ததும் தமிழகம் காத்ததும்

வங்கத்தில் வாழும் நாம் இவ்விடத்துச் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நம் பஜனையின் நடுநாயகமாக விளங்கும் கீத கோவிந்தம் எங்குப் பிறந்தது? 12-ஆம் நூற்றாண்டில் வங்கத்தை ஆண்ட இலக்குமணசேனனின் அவையோடு தொடர்புடையவர் ஜயதேவர் என்பது மரபு. அவரை வங்கத்தாரும் ஒடிசத்தாரும் தத்தம் நாட்டினர் என உரிமை கொண்டாடுவர். வழக்கு எவ்வாறாயினும், கீழ்த்திசையிலே பிறந்த பாட்டு அது என்பதில் ஐயமில்லை. அதனைப் பூரி ஜகந்நாதர் கோயிலில் பாடவேண்டும் என்று பிரதாபருத்திரர் பொறித்த கல்வெட்டு 1499-ஆம் ஆண்டினது. 12 சருக்கங்களும் 24 பாடல்களும் கொண்ட அந்நூல் காவிரிக்கரையை அடைந்து, தென்னாட்டு இராகங்களை அணிந்து, பாகவதர் நாவில் குடியேறியது.

மற்றொரு தொடர்பும் உண்டு. நவத்வீபத்தின் வீதிகளிலே மத்தளமும் தாளமும் முழங்க நகர சங்கீர்த்தனம் நடத்திய சைதன்யர் (1486–1534) தென்னாட்டு யாத்திரை மேற்கொண்டபோது, மழைக்காலம் நான்கு மாதமும் திருவரங்கத்தில் வேங்கட பட்டர் இல்லத்தில் தங்கினார் எனச் சைதன்ய சரிதாம்ருதம் கூறும். அவ்வீட்டுப் பிள்ளையாகிய கோபால பட்டர் பின்னாளில் பிருந்தாவனம் சென்று வங்க வைணவத்தின் ஆசிரியர் அறுவருள் ஒருவரானார்.

எனவே, ஊரை விட்டுப் பிழைப்புக்காக வந்த தமிழர் சிலர் ஏரிக்கரையில் அமர்ந்து அஷ்டபதி பாடும்போது, அயல்நாட்டுச் சரக்கு எதனையும் இங்கே கொணரவில்லை. வங்கத்தின் பக்கத்தில் பிறந்த பெண்ணை, தமிழகத்தில் வளர்த்து ஆளாக்கி, தாய்வீட்டுக்கு அழைத்து வருகின்றனர் என்றே கூறல் வேண்டும்.

ஓராண்டுச் சுற்று

இனி, கோஷ்டியின் ஓராண்டைக் காண்போம். ஆண்டின் நடுவே வந்தாலும் மார்கழியே அதன் தலைமாதம். கொல்கத்தாவில் பனி படரும் அம்மாதத்து வைகறையில், கம்பளிக் குல்லாயும் சால்வையுமாக ஆடவர் கூடித் திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடுவர். மயிலை மாடவீதிகளில் பாபநாசம் சிவன் (1890–1973) பல்லாண்டு நடத்திய மார்கழி பஜனையின் புகழ் நாம் அறிந்ததே. மார்கழி முடிந்து தைப் பொங்கல் வரும் அதே வேளையில், பீர்பூம் மாவட்டத்து அஜய் ஆற்றங்கரையில், ஜயதேவர் பெயரால் விளங்கும் கெந்துலியில், பவுல் பாடகர் பல்லோர் கூடி விழா எடுப்பர். நம் கோஷ்டி பாடி முடிக்கும் நாளில் அங்கே பாட்டுத் தொடங்குகின்றது.

தை மாதத் தேய்பிறைப் பஞ்சமி தியாகராஜ சுவாமிகள் 1847-இல் சித்தியடைந்த நாள். அன்று பஞ்சரத்னக் கீர்த்தனைகள் சேர்ந்து பாடப்பெறும். பங்குனி, சித்திரையில் ஸ்ரீராம நவமியும் சீதா கல்யாணமும். ஆவணியில் கோகுலாஷ்டமி. புரட்டாசியில் சனிக்கிழமை பஜனையும் நவராத்திரியும். அந்நாட்களில் நகரம் முழுதும் துர்கா பூஜையின் தாக் முரசு அதிர, நம் ஜால்ரா ஒலி அதனூடே இழையும். கார்த்திகையில் சாஸ்தா பஜனையும் 41 நாள் விரதமும். இவற்றுக்கிடையே ராதா கல்யாணத்திற்கு நாள் குறிப்பது பஞ்சாங்கம் மட்டுமன்று. விடுமுறைப் பட்டியலும் ஆகும். அலுவலகம் செல்வோர் நிறைந்த நகரில், தொடர்ந்தாற்போல் இரண்டு மூன்று விடுமுறை வரும் நாட்களே நல்ல நாட்கள்! முதல்நாள் அஷ்டபதி, மறுநாட்காலை வீதிவலமாக உஞ்சவிருத்தி, பின்னர்த் திருக்கல்யாணம், ஆஞ்சநேய உற்சவம் என அது நடைபெறும்.

இவ்வட்டத்தைக் கூர்ந்து நோக்கினால் முன்னர் எழுப்பிய வினாவிற்கு விடை கிடைக்கின்றது. கூட்டுப்பாட்டைக் காப்பது இனிய குரலன்று. தவறாது திரும்பி வரும் நாள்தான். மனம் சலித்தவனையும், "இன்று வேண்டாம்" என எண்ணியவனையும், நாள் வந்து கதவைத் தட்டி அழைக்கிறது. சுரங்கம் மூடப்பட்ட பின்னும் வேல்ஸ் நாட்டார் பாடுவதற்கு, பயிற்சிக்குரிய அந்த மாலை இன்னும் வாரந்தோறும் வருவதே முதற்காரணம்.

வட்டத்துள் யார் யார்?

நாள் அழைத்தால் மட்டும் போதுமா? அழைப்பு யாருடைய காதில் விழுகிறது என்பதும் கருதத்தக்கது. 1950-களிலும் அதன் பின்னும் சென்னையின் ராதா-கிருஷ்ண பஜனைகளை ஆராய்ந்த மில்டன் சிங்கர் என்னும் அமெரிக்க மானிடவியலார், அங்கே ஒருவரை ஒருவர் விழுந்து வணங்கும் வழக்கத்தை வியந்து எழுதினார். மூத்தவர் இளையவரை வணங்குகிறார். மேலதிகாரி எழுத்தரை வணங்குகிறார். பதவியும் வயதும் அவ்விளக்கின் முன் உதிர்ந்து விடுகின்றன. கோப்புகளுக்கிடையே வரிசைக்கிரமம் பார்த்தே வாழும் நம் போன்ற அரசு ஊழியருக்கு இதன் அருமை நன்கு விளங்கும். ஆயினும், அச்சமத்துவம் பேசிய கூட்டங்களில் கூடியவர் பெரும்பாலும் ஒரே வகுப்பினர் என்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. பெண்டிரும் சுற்றியமர்ந்து கேட்டனரேயன்றி நடுவில் நின்று நடத்தினாரல்லர்.

வட்டம் விரிந்த வரலாறும் நம்மிடமே உண்டு. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையை நடத்திய ஆடவர் குழுக்கள் பெண்களைப் பாட அனுமதிக்கவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தம் செல்வத்தைச் செலவிட்டுச் சமாதிக் கோயிலை எழுப்பி 1926-இல் குடமுழுக்குச் செய்வித்தார். பெண்களின் ஆராதனையையும் தொடங்கினார். 1940-இல் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றாயின. இன்று அங்கே ஆணும் பெண்ணும் ஒருங்கமர்ந்து பஞ்சரத்னம் பாடும் காட்சியே ஆராதனையின் அடையாளமாகி விட்டது. கதவு திறந்ததால் மரபு கெடவில்லை, பெருகியது.

வேல்ஸ் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. கறுப்பின அமெரிக்கப் பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டை 1950-இல் அவர் நாட்டரசு பறித்துக்கொண்டது. 1957 அக்டோபரில் போர்த்கால் நகரில் நடந்த சுரங்கத் தொழிலாளர் கலைவிழாவுக்கு அவரால் வர இயலவில்லை. தொழிலாளரோ தொலைபேசிக் கம்பியை ஏற்பாடு செய்தனர். அவர் நியூயார்க்கிலிருந்து பாடினார். ட்ரியோர்க்கிக் குழுவினர் இங்கிருந்து பாடினர். மொழியும் நிறமும் வேறான ஒருவரைத் தம் குரலோடு சேர்த்துக்கொண்ட அந்த மாலையை அந்நாட்டார் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர்.

நாம் செய்யத்தக்கது

இன்று நம் பகுதியின் நிலை யாவரும் அறிந்ததே. கூடுவோரில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். நாற்பதைக் கடந்த நம் போன்றோரே அங்கு "பையன்கள்"! பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டனர். அன்றைய கல்கத்தா அலுவலகங்களில் சுருக்கெழுத்தராகவும் கணக்கராகவும் பணிபுரிய வந்த தலைமுறை அமைத்த கூட்டம் இது. அத்தகைய வரவு இப்போது அருகிவிட்டது. சுரங்கம் மூடப்பட்டது போன்ற நிலையே நமக்கும் வாய்த்துள்ளது.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, ஐவரே வந்தாலும் குறித்த நாளைத் தவறவிடாமை. மற்றொன்று, வட்டத்தை விரித்தல். மகளிர் சுற்றியமராது நடுவில் நின்று நடத்தட்டும். எத்தெருவினராயினும் தமிழர் அனைவரும் வரட்டும். அண்டை வீட்டு வங்காளியரையும் அழைப்போம். கீர்த்தனம் அவர்க்குப் பிறவிச் சொத்து. அஷ்டபதியின் சொற்கள் அவர் செவிக்குப் பழகியவை. இராகம் மட்டுமே புதிது. முதலடியைப் பாகவதர் சொன்னால், இரண்டாம் முறை அவர்களும் பாடிவிடுவர். பிறர் வாயிற் புகுந்தமையாலன்றோ அப்பாட்டு எண்ணூறு ஆண்டு வாழ்ந்தது? வரும் மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொருவரும் புதிதாக ஒருவரை அழைத்து வர உறுதி பூணுவோமாக.