நெஞ்சில் பதிந்த இறைவார்த்தை

நம் பங்குகளில் விவிலிய மனப்பாடப் போட்டிகள் நடக்கின்றன. மறைக்கல்வி மாணவர்கள் மேடையேறி, திருப்பாடல் 23-ஐயோ மலைப்பொழிவின் பேறுபெற்றோர் பகுதியையோ மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறார்கள். நாமும் கைதட்டி மகிழ்கிறோம். பரிசாக ஓர் எவர்சில்வர் தட்டு கிடைக்கிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தட்டு வீட்டில் இருக்கிறது, திருப்பாடல் நினைவில் இல்லை. "பிள்ளைகளுக்கான போட்டிதானே" என்று பெரியவர்களும் விட்டுவிடுகிறோம். மனப்பாடம் என்பது பிள்ளைகளோடும் பரிசோடும் முடிந்துவிடும் காரியமா? நம் மண்ணில் விசுவாசம் வேரூன்றிய வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

மணியோசையும் மனப்பாடமும்

1542-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் உட்பட, இக்கடற்கரை ஊர்களில் நடந்தே பணியாற்றினார். மக்களிடம் நூல் இல்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த சிலரின் உதவியோடு சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் முதலியவற்றைத் தமிழாக்கி, முதலில் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டிக் கற்பித்தார்.

1544 சனவரி 15-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதை அவர் விவரிக்கிறார். கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி சிறுவர்களிடம் கேட்டுக்கொண்டார். நோயுற்றோர் அழைத்தபோது, எல்லா இடத்திற்கும் அவரால் போக முடியவில்லை. செபங்களை அறிந்த சிறுவர்களை அவ்வீடுகளுக்கு அனுப்பினார். சிறுவர்கள் சொன்ன செபங்கள் நோயாளியின் படுக்கையருகே ஒலித்தன.

தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் அச்சாகி லிஸ்பனில் வெளிவந்தது 1554-இல். அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் அச்சானது 1578-இல். அதுவரை நம் முன்னோரின் நெஞ்சமே அவர்களுடைய நூல்.

விவிலியம் காட்டும் வழி

இறைவார்த்தையை உள்ளத்தில் இருத்தவும், வீட்டில் இருக்கும்போதும் வழிநடக்கும்போதும் பிள்ளைகளிடம் அதைப் பேசவும் இஸ்ரயேல் மக்கள் பணிக்கப்பட்டார்கள் (இச 6:6-7). திருப்பாடல் 119-இல் 176 வசனங்கள் உள்ளன. எபிரேய மொழியின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு 8 வசனமாக அது வரிசைப்படுத்தப்பட்டுள்ளது. நம் ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்திருப்பது போன்றதே இதுவும். நினைவில் நிறுத்த இவ்வரிசை பெரிதும் உதவும்.

பாலைநிலத்தில் சோதிக்கப்பட்டபோது இயேசுவின் கையில் ஏட்டுச்சுருள் இல்லை. மூன்று முறையும் இணைச்சட்ட நூலின் வார்த்தைகளாலேயே அவர் பதில் அளித்தார் (மத் 4:1-11). சிலுவையில் கடும் வேதனையிலும் திருப்பாடல்களின் சொற்களே அவர் நாவில் வந்தன (மத் 27:46, லூக் 23:46). அன்னை மரியாவின் புகழ்ப்பாடலில் சாமுவேலின் தாய் அன்னாவின் பாடல் எதிரொலிக்கிறது (1 சாமு 2:1-10, லூக் 1:46-55). நாசரேத்தின் அந்த எளிய இல்லத்தில் மறைநூல் நெஞ்சில் குடியிருந்தது.

நாம் ஏற்கெனவே அறிந்தவை

"எனக்கு ஒரு வசனமும் தெரியாதே" என்று சொல்பவர்கள் ஞாயிறு திருப்பலியை நினைத்துப் பார்க்கட்டும். 'தூயவர்' பாடல் எசாயா கண்ட காட்சியிலிருந்து வருகிறது (எசா 6:3). நற்கருணை வாங்குமுன் நாம் சொல்வது நூற்றுவர் தலைவரின் விசுவாச அறிக்கை (மத் 8:8). மங்கள வார்த்தை செபத்தின் முற்பகுதி வானதூதரும் எலிசபெத்தும் மரியாவை வாழ்த்தியது (லூக் 1:28, 42). எழுத்தறியாத நம் பாட்டிமார் செபமாலை சொன்னபோதெல்லாம் நற்செய்தியையே நாவில் ஏற்றினார்கள். நாம் புதிதாகத் தொடங்கவில்லை, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம்.

நூல் எட்டாத நாளில்

1995-இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இன்று கைப்பேசியிலும் விவிலியம் கிடைக்கிறது. அப்படியிருக்க மனப்பாடம் எதற்கு என்று கேட்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களை நம் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம் இரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பல ஊர்களில் மின்சாரம் இல்லை, கைப்பேசி இணைப்பும் இல்லை. அப்படிப்பட்ட இருட்டில் உள்ளத்தில் இருப்பது மட்டுமே கைகொடுக்கும். மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரவெல்லாம் காத்திருப்பவருக்கும், முதுமையில் பார்வை மங்கியவருக்கும் இது பொருந்தும்.

சவேரியாரின் பெயரையே தாங்கிய ஒருவர் இதற்குச் சான்று. வியட்நாம் பேராயர் பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான், 1975 முதல் 1988 வரை 13 ஆண்டுகள் கைதியாக வைக்கப்பட்டார். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. விவிலியம் கொண்டுபோக முடியாத நிலையில், கிடைத்த காகிதத் துண்டுகளைச் சேர்த்து, நினைவிலிருந்த 300-க்கும் மேற்பட்ட நற்செய்தி வாக்கியங்களை எழுதி வைத்துக்கொண்டார். அதுவே அவருடைய அன்றாட விவிலியமாயிற்று. பின்னாளில் கர்தினாலான அவரை, 2017-இல் திருஅவை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

பொருளறிந்து கற்போம்

ஓர் எச்சரிக்கையும் தேவை. பாலைநிலத்தில் அலகையும் திருப்பாடலை எடுத்துச் சொன்னது (மத் 4:6). வசனம் தெரிவதால் மட்டும் ஒருவர் இறைவனுக்கு உரியவராகிவிடுவதில்லை. வாதத்தில் வெல்லவோ பிறரைக் குத்திக்காட்டவோ வசனம் கற்பது வீண்.

சவேரியாரும் இதில் கவனமாக இருந்தார். தொடக்கத்தில் விசுவாச அறிக்கையில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. தவற்றை உணர்ந்ததும், அதைத் திருத்திச் சொல்லும்படி உடன்பணியாளர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். பலரும் மனப்பாடம் செய்துவிட்டார்களே என்று அவர் விட்டுவிடவில்லை. 'எனக்கு வேணும்' என்பதற்கும் 'நான் விசுவசிக்கிறேன்' என்பதற்கும் உள்ள தூரம் இன்று நம் செபத்திற்கும் பொருந்தும் அல்லவா?

சில எளிய வழிகள்:

1. வாரம் ஒரு வசனம் போதும். ஞாயிறு நற்செய்தியிலிருந்தே தேர்ந்துகொள்ளலாம். ஆண்டு முடிவில் 52 வசனங்கள் நம்மோடு இருக்கும்.

2. முன்னும் பின்னும் உள்ள பகுதியை வாசித்து, யார், யாரிடம், எப்போது சொன்னது என்று அறிந்துகொள்வோம்.

3. கையால் எழுதி, அடுப்படியிலோ பணப்பையிலோ வைத்துக்கொள்வோம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் மெல்லச் சொல்லிப் பார்ப்போம்.

4. இரவு குடும்பச் செபத்தில் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க, பெரியவர்கள் திரும்பச் சொல்லலாம். இது சவேரியார் காட்டிய வழி.

5. நோயாளிகளைச் சந்திக்கும்போது, கற்ற வசனத்தை அவர்களோடு சேர்ந்து செபிப்போம்.

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள் உண்டு. அவை ஆற்றுநீரைக் கால்வாய்களில் திருப்புகின்றன. அந்நீர் குளங்களில் தேங்குவதால்தான், மழை பொய்க்கும் நாளிலும் காரும் பிசானமும் பிழைக்கின்றன. ஞாயிறுதோறும் ஆலயத்தில் நாம் கேட்கும் வாசகமும் ஆறுபோல் ஓடிவருகிறது. அதில் ஒரு வசனத்தையாவது நெஞ்சில் தேக்குவோம். நமக்கு வறட்சி வரும் நாளிலும், அயலார் தாகத்தோடு வரும் நாளிலும் அது உதவும். இந்த வாரமே ஒரு வசனத்தோடு தொடங்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக.