நானூறு கெஜத்தில் படுத்துவிட்ட இன்டர்நெட்

1986 அக்டோபர். அமெரிக்காவில் பெர்க்லி. மலை மேல லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடம், கீழே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். நடுவுல வெறும் 400 கெஜம், பொடிநடையா போற தூரம். விநாடிக்கு 32,000 பிட் ஓடிக்கிட்டிருந்த இணைப்பு திடீர்னு 40 பிட்டுக்கு இறங்கிடுச்சு. அதாவது விநாடிக்கு அஞ்சு எழுத்து!

வயர் அறுந்துச்சா? இல்லைங்க, கூட்டம்தான். நடுவுல இருந்த கேட்வே, இடம் பத்தாம பாக்கெட்டுகளைக் கீழே போட்டுச்சு. அனுப்பின கம்ப்யூட்டர் "போய்ச் சேரல போலிருக்கு"ன்னு மறுபடி அனுப்புச்சு. எல்லாரும் இதையே செஞ்சா? தீபாவளிக்கு முந்தின நாள் அத்திப்பள்ளி டோல்கேட்ல மாட்டின ஒவ்வொருத்தரும் வீட்டுக்குப் போன் போட்டு இன்னொரு வண்டியையும் வரச் சொன்ன கதைதான்.

வான் ஜேக்கப்சன், மைக்கேல் காரல்ஸ் ரெண்டு பேரும் உக்காந்து இதுக்கு வைத்தியம் கண்டுபிடிச்சாங்க. 1988ல ஜேக்கப்சனோட கட்டுரை வந்தது. சாரம் ரொம்ப எளிமை: பாக்கெட் தொலைஞ்சா வழியில நெரிசல்னு அர்த்தம், உடனே வேகத்தைக் குறை, அப்புறம் மெதுவா ஏத்து. இன்டர்நெட் பிழைச்சது இதனாலதான்.

ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. நெரிசலே இல்லாம, துருப்பிடிச்ச ஜாயின்ட்டாலயோ பக்கத்து வீட்டு வைஃபையாலயோ பாக்கெட் தொலைஞ்சாலும், பழைய டிசிபி அதை நெரிசல்னே நினைச்சு வேகத்தைக் குறைக்கும். ரெண்டு சதவீதம் தொலைஞ்சாலே 100 எம்பி லைன் நொண்டுறது இதனாலதான்.

எங்க தொலையுதுன்னு பாக்கற கருவிகளும் அந்தக் காலத்துதான். பிங்கை 1983 டிசம்பர்ல மைக் மூஸ் எழுதினார், ஒரு நெட்வொர்க் கோளாறைத் துப்பறிய. தமாஷ் என்னன்னா, முதல் பிங் கிளம்பறதுக்குள்ள அந்தக் கோளாறையே சரி பண்ணிட்டாங்களாம் :-) டிரேஸ்ரூட்டை எழுதினது நம்ம ஜேக்கப்சனேதான்.

இப்ப ஓசூருக்கு வருவோம். இங்க உக்காந்து பெங்களூர் ஆபீசுக்கு வேலை பாக்கறவங்க நிறைய. மீட்டிங்ல குரல் வெட்டி வெட்டிக் கேட்டா வேலைக்கே உலை. உடனே சொல்ற காரணம், "பார்டர்ல இருக்கோம்ல, தமிழ்நாடு சர்க்கிள், சென்னை சுத்திதான் போகுது". சுத்திப் போனாலும் கணக்கு என்ன? ஃபைபர்ல 100 கிலோமீட்டர் போய்வர ஒரு மில்லிசெகண்டு. சென்னை போய் பெங்களூர் வர சுமார் 650 கி.மீ.; கேபிள் வளைஞ்சு நெளிஞ்சாலும் 10 சொச்சம்தான். தூரம் தாமதத்தைக் கூட்டும்; பாக்கெட்டைத் தொலைக்காது.

அதனால மூணு இடத்துல பிங் போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் நூறு தடவையாவது. முதல்ல வீட்டு ரவுட்டர்: வைஃபைல தொலைஞ்சு, கேபிள்ல தொலையலைன்னா வியாதி வீட்டுக்குள்ள. அடுத்து டிரேஸ்ரூட்ல ரவுட்டரைத் தாண்டி வர்ற முதல் முகவரி: அங்க ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் தொலைஞ்சா லைன்ல கோளாறு. மூணாவது தூரத்து சர்வர். நடுவுல ஒரு இடம் மட்டும் நஷ்டம் காட்டி, அதுக்கப்புறம் எல்லாம் சுத்தமா இருந்தா பயப்படாதீங்க. அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்ல சோம்பேறித்தனப்படுது, அவ்வளவுதான்.

ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை, விடிகாலை 5 மணிக்கு ஒரு தடவை பாருங்க. ராத்திரி மட்டும்னா நெரிசல், ரெண்டு நேரமும்னா பெரும்பாலும் வயர்.

2006லயே ட்ராய் பிராட்பேண்டுக்குப் போட்ட விதியில பாக்கெட் நஷ்டம் 1 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு இருந்தது. "நெட் ஸ்லோ சார்"னு சொன்னா "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னுதான் பதில் வரும். "கேபிள்ல போட்டுப் பாத்தாச்சு, உங்க முதல் முகவரியிலயே நூத்துக்கு நாலு தொலையுது, ரெண்டு நேரமும்"னு சொல்லிப் பாருங்க. அப்புறம் மோடம் பேச்சே வராது.