வன்னிக் கருங்காலியும் பிரெஞ்சுப் பில்லியட்ஸ் கோலும்

வன்னிநாட்டின் வரலாற்றை எழுத முற்பட்டோர் குளங்களையும் கோயில்களையும் வன்னிமைகளையும் பற்றியே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். 1782இல் ஒல்லாந்தர் வன்னியைத் தம் நேரடி ஆட்சிக்குட்படுத்தியமை, 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றியமை, அவ்வாண்டின் இறுதியிலேயே கற்சிலைமடுவில் அவன் தோல்வியுற்றமை என்பன பலரும் அறிந்த செய்திகள். 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கைந்நூலை எடுத்தாளாத ஆய்வாளர் இலர் எனலாம். ஆயின், இந்நிகழ்ச்சிகள் யாவும் நடந்தேறிய காடு மட்டும் நாடகமேடையின் பின்திரைபோலவே எழுதப்பட்டு வந்துள்ளது. காட்டுக்கும் வரலாறு உண்டு. அதன் மரங்கள் கடல்கடந்து சென்று, அயல்நாட்டார் கைகளில் வேறு பெயரோடு வாழ்ந்திருக்கின்றன. பாரிசின் ஆட்டக்கூடங்களிற் புழங்கிய ஒரு கோலினூடாக இவ்வரலாற்றின் ஒரு கூறை ஈண்டு நோக்கலாம்.

பில்லியட்ஸ் ஆட்டம் பிரான்சில் அரசவைப் பொழுதுபோக்காக வளர்ந்தது. பதினான்காம் லூயி மன்னன் அதில் ஈடுபாடு கொண்டிருந்தான். தொடக்கத்தில் பந்தைக் குத்தும் கோல் இருக்கவில்லை. நுனியில் அகன்ற கட்டை பொருத்திய தள்ளுகோலே கையாளப்பட்டது. பந்து மேசையின் விளிம்போடு ஒட்டிக் கிடக்கையில் அகன்ற தலை இடையூறாயிற்று. ஆட்டக்காரர் கோலைத் திருப்பிப் பிடித்து, அதன் மெல்லிய வாற்பகுதியாற் குத்தலாயினர். வால் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே 'கியூ' என இன்று உலகெங்கும் வழங்குகிறது. வாலாக இருந்தது காலப்போக்கிற் கோலின் தலையாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர், சிறையிலிருந்த காலத்தில் இவ்வாட்டத்தை ஆழ்ந்து பயின்று, கோலின் நுனியில் தோல்வட்டம் ஒட்டும் முறையைப் பரப்பினார். மொட்டை மரநுனி பந்தில் வழுக்கும், தோலோ பற்றிக்கொள்ளும். பந்தைச் சுழலச் செய்வதும் பின்னோக்கி வரச்செய்வதும் இதனாலேயே இயன்றன. அவரது நூல் 1827இல் வெளிவந்தது. 1835இல் கொரியோலி என்ற கணிதவியலாளர் பில்லியட்ஸ் பந்தின் இயக்கத்தைப் பற்றியே தனிநூல் எழுதினார். விளையாட்டைக்கூடக் கணிதமாக்கிப் பார்த்த சமூகம் அது!

பழங்கோல்களைச் சேகரிப்போருக்கு இவ்வரலாறு காலக்கணிப்பில் ஓரளவே துணைபுரியும். தோல்நுனி இருந்தால் மிங்கோவுக்குப் பிற்பட்டது எனத் துணிந்துவிடலாகாது. பழைய கோலுக்குப் பின்னொருவர் தோல் ஒட்டியிருத்தல் கூடும். அடிமுனையிலுள்ள இறப்பர் வட்டமும் அத்தகையதே. நுனியிலுள்ள தந்த வளையம் உடைந்தால் வேறொன்று மாட்டப்படும். ஏட்டுச்சுவடியில் இடைச்செருகலைப் பிரித்தறிய வேண்டியிருப்பதுபோல, கோலிலும் மாற்றக்கூடிய உறுப்புகளை ஒதுக்கி, மாற்றவியலாதவற்றை முதற்சான்றாகக் கொள்ளவேண்டும். மரமும் மரத்தோடு மரம் இணைந்த முறையுமே அவை.

பிரெஞ்சுக்கோலை ஆங்கிலக்கோலினின்று பிரித்தறிதல் பெருந்தொல்லையன்று. ஆங்கிலக்கோலின் மேற்றண்டு பெரும்பாலும் ஆஷ் மரத்தாலானது. அடிப்பகுதியின் ஒருபக்கம் தட்டையாகச் சீவப்பட்டு, செய்தவர் பெயரோ புகழ்பெற்ற ஆட்டக்காரர் பெயரோ பொறித்த தகடு பதிக்கப்பட்டிருக்கும். குழியில்லாத மேசையில் ஆடும் பிரெஞ்சு முறைக்குரிய கோல் சற்றே குறுகியது, ஏறத்தாழ 140 சதமமீற்றர் நீளமுடையது, நுனி தடித்தது, பெரும்பாலும் மேப்பிள் மரத்தாலானது. அதன் அடிப்பகுதியிலேதான் தச்சனின் கைவண்ணம் காணப்படும். பலநிற மரத்தகடுகளை இழைத்துப் பதித்தும், கருமரத்தை ஈட்டிமுனைகளாகச் செதுக்கி வெண்மரத்துள் ஏற்றியும் அதனை அணிசெய்தனர். கைவேலையாயின் அம்முனைகள் சிறிதளவேனும் ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வாயிருக்கும்.

கருமரத்தை அடியில் வைத்தது அழகுக்காக மட்டுமன்று. கோலின் பாரம் பிடிகையின் பக்கம் அமைந்தாலே குத்து நேராகச் செல்லும். கருங்காலியின் வைரமோ நீரில் அமிழுமளவு பாரமானது. பிரெஞ்சுமொழியில் உயர்தரத் தளபாடம் செய்யும் தச்சனுக்குரிய 'எபெனிஸ்ற்' என்ற பெயரே கருங்காலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு தொழிலுக்கே பெயரீந்த மரம் இது. ஆனால் அத்தச்சர் கையாண்ட கருமரம் யாவும் கருங்காலியல்ல. பேரிமரத்துக்குக் கருஞ்சாயமேற்றிக் கருங்காலியாகக் காட்டுவது அவர்களிடையே வழக்கமாயிருந்தது. அடிவட்டத்தைக் கழற்றி, மறைவானதோர் இடத்திற் சிறிது சுரண்டிப்பார்த்தால் சாயத்தின் கீழ் வெளிறிய மரம் தெரியும். மெய்க்கருங்காலி எத்துணை சுரண்டினும் கருமையே காட்டும்.

இங்கேதான் வன்னி இவ்வரலாற்றினுட் புகுகின்றது. பிரான்சுக்குக் கருங்காலி கிடைத்த இடங்களுள் மொறீசியசுத் தீவு முதன்மையானது. அத்தீவு 1715 முதல் 1810 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. அவர்களுக்கு முன்னரே ஒல்லாந்தர் அங்குக் கருங்காலியை வெட்டி ஏற்றினர். எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தம் நூலில், திருகோணமலைக்கு மேற்கேயுள்ள சமநிலமெங்கும் கருங்காலி மிகுந்து வளர்வதாகவும், அது மொறீசியசு மரத்தினின்று வேறான இனமென்றும், கருமையின் செறிவிலும் சீரிலும் ஏனைய யாவற்றையும் விஞ்சுவதென்றும் எழுதியுள்ளார். இரண்டடி விட்டமும் பத்து முதல் பதினைந்தடி வரை நீளமும் கொண்ட வைரக்கட்டைகள் அங்கு எளிதிற் பெறத்தக்கனவாயிருந்தன என்பதும் அவர் கூற்று. திருகோணமலைக் காடும் முல்லைத்தீவு, வவுனியாக் காடுகளும் ஆட்சிக்காகப் பிரிக்கப்பட்டனவேயன்றி, ஒரே உலர்வலயக் காட்டின் தொடர்ச்சியே. மரம் மாவட்ட எல்லையை அறியாது.

பெயரிலும் ஒரு சிக்கல் உளது. ஈழத்திற் கருங்காலி என வழங்குவது 'டயஸ்பைரஸ் எபெனம்' என்ற இனம். தரங்கம்பாடியிற் பணிபுரிந்த கோனிக் என்ற தாவரவியலாளரின் பெயர் அவ்வறிவியற்பெயரோடு இணைந்துள்ளது. தமிழகத்திலோ முள்ளுடைய வேறொரு மரமும் இப்பெயரால் அழைக்கப்படுகின்றது. வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுப்பவனைக் கருங்காலி என்பது ஆங்கிலச் சொல்லொன்றின் நேர்மொழிபெயர்ப்பு. உறுதிக்குப் பேர்போன மரத்துக்கு அவ்விழிசொல் வாய்த்தமை பொருத்தமற்றது.

மரத்தைக் கொடுத்த வன்னி தந்தத்தையும் கொடுத்ததோ என்ற வினா எழுவது இயல்பு. அக்காலப் பந்துகள் யானைத்தந்தத்தாற் கடையப்பட்டவை; வன்னிமைகள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாக யானைகளையே அளித்தன. எனினும் இலங்கை யானைகளுட் கொம்பன் மிகச்சிலவே. வன்னி யானை தந்தத்துக்காகவன்றி உயிருடன் விற்கப்படுவதற்காகவே பிடிக்கப்பட்டு, யாழ்ப்பாணத்தினூடாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அவை கடந்துசென்ற வழியின் நினைவாக ஆனையிறவு என்ற பெயர் இன்றும் நின்று நிலவுகிறது. பாரிசுப் பந்தின் தந்தத்தைப் பெரும்பாலும் ஆபிரிக்காவிலேயே தேடவேண்டும்.

யானை தன் காலால் நடந்து துறைமுகம் சேர்ந்தது. கருங்காலிக்கு அவ்வசதி இல்லை. நீரில் அமிழும் மரத்தை ஆற்றில் மிதக்கவிடவும் இயலாது. வன்னி ஆறுகளோ மாரியில் மட்டும் பெருகுவன. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியே காங்கேசன்துறைக்குச் சென்ற வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இலேயே நிறைவெய்தியது. பிரெஞ்சுக்கோற் கலை உச்சமடைந்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் கட்டைகளைக் கரைசேர்த்தவை வண்டிமாடுகளே. வெளிறிய புறமரத்தைச் செதுக்கியெறிந்து வைரத்தை மட்டும் எடுத்தமையால், ஏற்றப்பட்டதைவிடக் காட்டில் விடப்பட்டது மிகுதி. மிக மெதுவாக வளரும் இம்மரத்தின் அழிவு எளிதில் ஈடுசெய்யத்தக்கதன்று. 1885ஆம் ஆண்டின் காட்டுச்சட்டம் வெட்டுதலை அரசின் அனுமதிக்குள் கொண்டுவந்தது. அது காட்டைக் காத்த அளவுக்குக் காட்டின் வருவாயையும் காத்தது; காட்டோரக் குடிகள் அதுவரை தம்முடையதென எண்ணியிருந்த மரமும் அரச உடைமையாயிற்று.

ஈழத்தில் இவ்வாட்டம் வேரூன்றியது ஆங்கிலேயரின் கழகங்கள் வழியாகவே. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டம் வென்ற எம். ஜே. எம். லாபிரும் குழியுள்ள மேசையின் மரபில் வந்தவரே. ஆதலால் வன்னிக்கும் பிரெஞ்சுக்கோலுக்குமுள்ள தொடர்பை ஆட்டத்திலன்றி மரத்திலேயே காணவேண்டும்.

ஆனால், கறுத்த அடியுடைய கோல் ஒவ்வொன்றையும் வன்னிக்கு உரிமையாக்க முனைவது வரலாறாகாது. அது ஊர்ப்பற்று மட்டுமே. மொறீசியசு, மடகாஸ்கர், ஆபிரிக்கா, இலங்கை ஆகியவற்றின் கருங்காலிகளை வெறுங்கண்ணால் வேறுபடுத்துதல் அரிது. உருப்பெருக்கியின் கீழும் ஐயம் முற்றாக நீங்காது. எனவே காட்சிப்பொருளின் குறிப்புச்சீட்டில் 'பிரான்சு, பத்தொன்பதாம் நூற்றாண்டு' என்பதோடு நிறுத்துவது குறைவு. 'வன்னி மரம்' என எழுதுவது மிகை. 'பிரெஞ்சு வேலைப்பாடு, அடி கருங்காலி, சாயமன்று, வெப்பவலய நாட்டு மரம்' என்று எழுதினால், கோலைச் செய்த கைக்கும் மரத்தை வளர்த்த மண்ணுக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைக்கும்.