வல்லவன் - சினிமா இல்லாமல் வந்த ஒரு தமிழ் ஆல்பம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் எத்தனை பாட்டு காதில் விழும்? எத்தனை விழுந்தாலும் எல்லாம் சினிமாப் பாட்டுதான். கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை போகிற வண்டியிலும் அதே கதை. ஹீரோ இல்லை, இயக்குநர் இல்லை, படமே இல்லை, வெறும் பாட்டு மட்டும் ஒரு ஆல்பமாக வந்து ஜெயிப்பது தமிழ்நாட்டில் அபூர்வம். அப்படி ஒன்று வந்தது. ஆனால் வந்தது இங்கிருந்து இல்லை, கடல் தாண்டி மலேசியாவிலிருந்து.

2006-ல் வெளியான அந்த ஆல்பத்தின் பெயர் 'வல்லவன்'. (அதே வருஷம் தீபாவளிக்கு வந்த சிம்பு படத்துக்கும் இதே பெயர்தான். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குழம்ப வேண்டாம் மக்களே!) பாடியவர்கள் யோகி பி & நட்சத்ரா. நட்சத்ரா என்பது டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற இரண்டு ராப்பர்கள்.

யோகி பி புதுமுகம் கிடையாது. 1990களிலேயே பொயட்டிக் அம்மோ என்ற மலேசியக் குழுவில் இருந்தவர். நான்கு பேர் கொண்ட அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. பெரும்பாலும் ஆங்கில ராப். நடுவில் மலாய், தமிழ், கான்டனீஸ் என்று மற்ற மொழிகளும் எட்டிப் பார்த்தன. நாட்டின் எல்லா இனத்துப் பிள்ளைகளும் கேட்ட குழு அது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் ஆங்கிலத்திலேயே இருந்திருக்க வேண்டும். மலேசியாவில் இந்தியர்கள் மக்கள்தொகையில் சுமார் 7 சதவீதம். முழு நாட்டுக்கும் விற்கக்கூடிய ஒரு சரக்கைத் தூக்கி வைத்துவிட்டு அந்த 7 சதவீதத்துக்காக ஒரு ஆல்பம் போடுவதா? எந்த மார்க்கெட்டிங் புத்தகமும் இதற்குத் தலையாட்டாது.

அங்கே தமிழின் நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. எல்லாமே ஆரம்பப் பள்ளிகள்தான். ஆறாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் மலாய் வழி இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தோட்டத்து மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். வீட்டிலும் டிவியிலும் தமிழ் இருந்தது. ஆனால் அந்த டிவித் தமிழ் சென்னையில் தயாரானது. தன் தெரு, தன் கோபம், தன் நண்பர்கள் பற்றித் தமிழில் பேச ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு அங்கே இடம் குறைவு. 'வல்லவன்' அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

தமிழில் ராப் என்றால் 1994-ல் வந்த 'காதலன்' படத்தின் பேட்டை ராப் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது ஜாலிக்காகச் செய்தது. கலப்புத் தமிழே அதன் ருசி. யோகி பி கூட்டம் நேர் எதிராகப் போனது. நாம் மேடைப் பேச்சில் மட்டும் கேட்கிற கனமான தமிழ்ச் சொற்களை எடுத்துத் தாளத்தில் கோத்தார்கள். சென்னையில் பேச்சுக்குப் பேச்சு ஆங்கிலம் கலந்துகொண்டிருந்தபோது, கோலாலம்பூர்ப் பையன்கள் ராப்புக்குள் செந்தமிழைக் கொண்டு வந்தார்கள். வேடிக்கைதான்!

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. ஆங்கில ராப் வரியின் கடைசியில் ஒலி பொருந்துவதை நம்பி நிற்கிறது. தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் நம் யாப்பில் அதைவிட முக்கியம் முதலெழுத்து ஒன்றும் மோனையும், இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையும். அதாவது நம் ஆட்கள் வரியின் தலையில் அடிப்பார்கள், அமெரிக்கக்காரர்கள் வாலில் அடிப்பார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் வந்தான், போனான், நின்றான் என்று வால் தானாகவே பொருந்திவிடும். கேட்க எளிது, ஆனால் சீக்கிரம் சலித்துப்போகும். நல்ல தமிழ் ராப் தலையையும் வாலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அருணகிரிநாதரின் சந்தம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். 'வல்லவன்' பாடல்களில் எதுகையும் மோனையும் பீட்டோடு சேர்ந்து விழுகிற இடங்கள்தான் திரும்பக் கேட்க வைக்கின்றன. சில இடங்களில் சொற்கள் அளவுக்கு மீறி நெருக்கியடிப்பதும் உண்மை.

ஆல்பத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தது 'மடை திறந்து'. மூலம் 1980-ல் வந்த பாரதிராஜாவின் 'நிழல்கள்'. இளையராஜா இசை, வாலி வரிகள், எஸ்.பி.பி. குரல். வாய்ப்புக்கு ஏங்கும் ஓர் இசைக்கலைஞனின் கனவுப் பாட்டு அது. இளையராஜாவே ஒரு நொடி திரையில் வந்து போவார். அந்த மெட்டை வைத்துக்கொண்டு நடுவில் தங்கள் ராப்பை நுழைத்தார்கள். தேர்வு பிரமாதம். இசையால் மேலே வரத் துடிக்கிறவனின் பாட்டை, அதே துடிப்பில் இருந்த மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள். பழைய பாட்டு தெரிந்த அப்பாவுக்கும் பீட் பிடித்த மகனுக்கும் ஒரே சமயத்தில் விற்கலாம் என்பது இன்னொரு லாபம்.

பழைய பாட்டை ரீமிக்ஸ் செய்கிற விஷயத்தில் இந்தியாவில் அன்று சட்டம் தாராளம். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, மூலப் பாட்டு பதிவாகி இரண்டு வருஷம் கழித்து, நோட்டீஸ் கொடுத்து ராயல்டி கட்டினால் வேறொருவர் தன் குரலில் பதிவு செய்யலாம். 2012 திருத்தத்தில் அது ஐந்து வருஷமாகி, நிபந்தனைகளும் இறுகின.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். சினிமா இல்லாமல் ஜெயித்தவரைச் சினிமா உடனே கூப்பிட்டுக்கொண்டது. 2007-ல் வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' ரீமிக்ஸில் யோகி பி ராப் செய்தார். அதன் மூலமும் பழைய பாட்டுதான், 1979-ல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் எம்.எஸ்.வி. போட்டது. 2011-ல் 'ஆடுகளம்' படத்தின் போர்க்களம், 2017-ல் அஜித்தின் 'விவேகம்' படத்தில் சர்வைவா. இப்படி அவர் குரல் தமிழ்நாட்டில் அதிகம் பேரைப் போய்ச் சேர்ந்தது படங்கள் வழியாகத்தான்.

தமிழ்நாட்டுக்குள்ளிருந்து ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வர 2012 ஆனது. 'வல்லவன்' வந்து ஆறு வருஷம் கழித்து! அந்த ஆதியும் மூன்றே வருஷத்தில், 2015-ல், 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார்.